ஆண்டவருக்குக் கணக்கப்புள்ள வேல காலி இல்ல

வாங்க, சின்னப் போதகரே, வாங்க. தலையக் குனிஞ்சு வாங்க, வாசக்கால் தாழ்வா இருக்கு. கூலிக்காரன் குனிஞ்சுதான் நொழையணும்னு அளவெடுத்து வெள்ளக்காரன் கட்டுன லயம் இது. அந்தப் பலகையில உக்காருங்க. சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கீங்க, கசங்காமப் பாத்துக்குங்க.

என்னடா மொறைக்கிற? தாத்தா ஏன் ‘வாங்க போங்க’ன்னு பேசுறாருன்னு பாக்கிறியா? பரலோகத்துல யாருக்கு எடம், யாருக்கு இல்லன்னு லிஸ்ட்டு ஒன் கையிலதான இருக்கு! அப்பிடிப்பட்ட ஆள ‘வாடா போடா’ன்னு பேசி, நீ கோவிச்சுக்கிட்டு என் பேர வெட்டிப்புட்டீன்னா, இந்த வயசுல நா எந்த ஆப்பீசுல போயி மனு குடுப்பேன்?

நேத்து ராத்திரி கொழுந்து மடுவத்துல மைக்க வச்சு நீ பேசுனது எனக்கு இங்கனக்குள்ளேயே கேட்டுச்சு. இந்தக் கந்தப்பளக் குளிருக்குச் சத்தம் நல்லாத்தான் போகுது. கோயிலுக்குப் போறவனுக்குப் பரலோகத்துல பேரே கெடையாது. சொரூபத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்துற என்னயப் போல வேதக்காரனுக்கு, போனாப் போகுதுன்னு அரைப்பேர். ஒங்க சபைக்கு வந்து கைதட்டிப் பாடுறவனுக்கு முழுப்பேர். சரியாத்தான கேட்டேன்? மடுவத்துல நின்னதால புத்தி அப்பிடிப் போயிருச்சோ என்னமோ. பகல் பூரா கொழுந்து நிறுக்கிற எடத்துல, ராத்திரி நீ ஆத்துமாவ நிறுத்துப்புட்ட.

இன்னொண்ணும் கேட்டேன். ஒங்க அப்பாயி ரட்சிக்கப்படாமலே போயிருச்சுன்னு மைக்குல சொல்லி அழுதியாமே. கட்டிக்கிட்டு வந்தப்ப எனக்காக ஞானஸ்நானம் வாங்குனவதான் அவ. ஆனா மாரியம்மனுக்கு மஞ்சத்தண்ணி எடுத்துட்டுப் போகாம ஒரு திருவிழாவையும் விட்டதில்ல. அதனால அவள நேரா நரகத்துக்கு அனுப்பிப்புட்ட. அனுப்புறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நாப்பது வருசம் ஈர வெறகோட மல்லுக்கட்டுனவ அவ. அங்க அம்புட்டு நெருப்பு சும்மா எரியுறதப் பாத்தா, வெறக வீணாக்குறீங்களேன்னு பேய்களத் திட்டி, பாதி அடுப்ப அணைச்சுப்புடுவா. நரகத்துக்கும் நஷ்டம், ஒனக்கும் கெட்ட பேரு.

சரி, சிரிச்சது போதும். பிளேன்டீ ஊத்தித் தர்றேன், குடிச்சுக்கிட்டே கேளு. நா படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்புதான். ஆனா செக்ரோலு, அதான் பேர் பதியுற நோட்டு, அதப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க ஒங்க பாஸ்டராலயும் முடியாது. கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை இது. விடியக்காலம் ஆள் எண்ணுற பெரட்டுக்களத்துல நின்ன காலு இது. கணக்கப்புள்ள என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும். பேர் போடுவாரு, பேர் வெட்டுவாரு. பேர் விழுந்தாத்தான் அன்னிக்குக் கூலி. பதினெட்டுக் கிலோ எடுத்தா, சாக்குக்கு இம்புட்டு, ஈரத்துக்கு இம்புட்டுன்னு கழிவு போடுவாரு. நேரஞ்செண்டு வந்தவள வீட்டுக்குத் தொரத்துவாரு. அது அவரு வேல, அதுக்குத்தான் சம்பளம். ஆனா கடவுளுக்கு இப்பிடி ஒரு கணக்கப்புள்ள வேணும்னு பேப்பர்ல எப்பவாவது வெளம்பரம் வந்துச்சா? நீயா வேலைக்குச் சேந்து, நீயாத் தராசத் தூக்கிக்கிட்டு நிக்கிற.

நீ கையில வச்சிருக்கிற அதே வேதப் பொஸ்தகத்துல, மத்தேயு எழுதுனதுல, இருபதாவது அதிகாரத்தத் தொறந்து பாரு. தோட்டத்துக் கததான், நமக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். அது தேயில இல்ல, திராட்ச. அம்புட்டுத்தான் வித்தியாசம். தோட்டத்து மொதலாளி விடியக்காலம் சந்தைக்குப் போயி ஆள் புடிக்கிறாரு. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக்காசுன்னு கூலி பேசி அனுப்புறாரு. ஒம்பது மணிக்கு ஒருக்கா, பன்னெண்டுக்கு ஒருக்கா, மூணுக்கு ஒருக்கான்னு போயிப் போயி இன்னும் ஆள் எடுக்கிறாரு. கடைசியா சாயங்காலம் அஞ்சு மணிக்கும் போறாரு. அப்பவும் சிலபேர் நிக்கிறாங்க. ஏன் சும்மா நிக்கிறீங்கன்னா, எங்கள யாரும் வேலைக்கு எடுக்கலங்கிறாங்க. அவங்களையும் அனுப்புறாரு. ஆறு மணிக்குச் சம்பளம். கடைசியா வந்தவனுக்கு மொதல்ல குடுங்கிறாரு. ஒரு மணி நேரம் வேல பாத்தவன் கையிலயும் முழு வெள்ளிக்காசு. முழுப்பேர்! அதப் பாத்து, விடியக்காலம் வந்தவன் வாயெல்லாம் பல்லா நிக்கிறான், தனக்குக் கூடக் கெடைக்கும்னு. அவனுக்கும் அதே ஒத்தக் காசு. அப்பறம் கேக்கணுமா, மொணங்கல் ஆரம்பிச்சிருச்சு.

அந்த அஞ்சு மணி ஆளு யாருன்னு நீ யோசிச்சதுண்டா? நா பாத்திருக்கேன்டா. 1973, 74 பஞ்சத்துல பாத்தேன். அப்பத்தான் தோட்டங்கள அரசாங்கம் எடுக்கத் தொடங்குன காலம். அரிசி இல்ல, மாவு இல்ல. வேலையையும் கொறச்சுப்புட்டாங்க. பெரட்டுக்கு நூறு பேர் போயி நிப்போம். கங்காணி கண்ணுல மொதல்ல படுறவன் எளவட்டம். தோள் அகலமா இருக்கிறவன், வேகமாக் கத்தி வீசுறவன். கடைசி வரைக்கும் நிக்கிறது யாரு? இருமிக்கிட்டு நிக்கிற கெழவன், அட்ட கடிச்சுக் காலு வீங்குனவன், வயித்துல புள்ளையோட நிக்கிறவ. அவங்க சோம்பேறிங்க இல்ல, யாரும் கூப்புடாதவங்க. தோட்டத்த விட்டு எறங்கி டவுன் பக்கம் கையேந்தப் போனவங்களும் இருந்தாங்க, திரும்பி வராதவங்களும் இருந்தாங்க. கொழுந்து வேகமா எடுத்தவ வீட்டுலயும் நாலு வாயி, கூப்புடாம நின்னவ வீட்டுலயும் நாலு வாயி. அரைக்கூலி குடுத்தா அரை வயிறுதான் நெறையும். வேதக் கதையில வந்த மொதலாளி இவன் எம்புட்டு நேரம் வேல பாத்தான்னு கணக்குப் பாக்கல, இவன் வீட்டுல எத்தன பேரு காத்துக்கிட்டு இருக்கான்னு பாத்தாரு. கடவுளோட அன்புன்னு நீ மைக்குல மூணு மணி நேரம் பேசுறியே, இயேசு சாமி அத இந்த ஒரு சம்பள நாளுல முடிச்சுப்புட்டாரு.

நீ அந்தக் கதையில யாருன்னு பாத்தா, விடியக்காலமே வந்து சேந்த ஆளு. மொதப் பெரட்டுல பேர் போட்டவன். அதனாலதான் பொறுக்கல. கெட்டுப்போயித் திரும்பி வந்த மகனுக்கு அப்பன் விருந்து வச்சப்ப, பந்தலுக்கு வெளிய மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னானே மூத்தவன், அவனும் ஒங்க சங்கத்து மெம்பருதான். அவனுக்கு வீடு இருந்துச்சு, அப்பன் இருந்தான், கொழுத்த கன்னுக்குட்டி இருந்துச்சு. ஆனா தம்பிக்குக் கெடைக்காம இருந்தாத்தான் தனக்குக் கெடைச்சதுல ருசி இருக்கும்னு நெனச்சான். இது பக்தி இல்ல பேராண்டி, பொறாம. பக்திக்குத் தைக்கிற சட்டைய பொறாமைக்கும் போட்டா அளவாத்தான் இருக்கும். அதான் ஆளு அடையாளம் தெரியாமப் போகுது.

இன்னும் கேளு. சிலுவையில சாமிக்குப் பக்கத்துல தொங்குனானே ஒரு கள்ளன், அவன ஒங்க சபையில சேத்துக்குவீங்களா? ஞானஸ்நானம் எடுத்தானா? இல்ல. தசமபாகம் குடுத்தானா? களவாண்டதுல பத்துல ஒரு பங்கக் கூடக் குடுக்கல. வெள்ளிக்கிழம உபவாசக் கூட்டத்துக்கு வந்தானா? அன்னிக்கும் வெள்ளிக்கிழமதான், ஆனா அவனால எறங்கி வர முடியல. சாகப்போற நேரத்துல என்னய நெனச்சுக்கங்கன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டான். இன்னிக்கே என்னோட வந்துருவன்னு சாமி சொல்லிப்புட்டாரு. அஞ்சு மணிக்கு இல்ல, அஞ்சு அம்பத்தொம்பதுக்கு வந்தவனுக்கு முழுப்பேர்! நீ அங்க கணக்கப்புள்ளையா இருந்திருந்தா, ஃபாரம் பூர்த்தி பண்ணலன்னு சொல்லி அவனத் திருப்பி அனுப்பியிருப்ப.

ஒங்க அப்பாயி கடைசி நேரத்துல என்ன கேட்டா, யாரக் கேட்டான்னு ஒனக்குத் தெரியுமா? பக்கத்துல இருந்த எனக்கே தெரியாது, வாயி மட்டும் அசஞ்சுச்சு. அது அவளுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. அதுல நீ போயி மைக்க நீட்டாத.

ஒண்ணு சொல்லிப்புடுறேன், இல்லாட்டி நா சொன்னத நீ வேற எடத்துல வேற மாதிரி சொல்லிப்புடுவ. அன்பு கணக்குப் பாக்காது, அதனால சம்பளத்தப் பத்திப் பேசாதீங்க, பொறுத்துப்போங்கன்னு பிரசங்கம் பண்ணக் கெளம்பிராத. அப்பிடிப் பேசுறதக் கேட்டா தோட்டத்து ஆப்பீசுல ஒனக்கு நாற்காலி போடுவாங்க. அந்தக் கதையில மொதலாளி யாரு கூலியையாவது கொறச்சாரா? ஒத்துக்கிட்டத ஒரு சதம் கொறையாமக் குடுத்தாரு, கூலி பேசாம வந்தவனுக்குக் கூட்டிக் குடுத்தாரு. எரக்கம்னா மேல ஏத்துறது, கீழ வெட்டுறது இல்ல. 2021 மார்ச்சுல நாளுக்கு ஆயிரம் ரூவான்னு கெசட்டு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? எத்தன வருசம் கத்தி, எத்தன ரோட்டு மறிச்சு வந்த ஆயிரம்! கையில வாங்குறதுக்குள்ள பல தோட்டத்துல கிலோவ ஏத்திப்புட்டாங்க. எடுக்காட்டி அரைப்பேருன்னாங்க. அதுக்கு எதுக்க நிக்கிறதும் வேதந்தான். கூலிய வெட்டி வச்சா அந்தக் கூலியே கடவுள் காதுல போயிக் கத்தும்னு யாக்கோபு கடுதாசியில காரமா எழுதி வச்சிருக்கு. அந்தப் பக்கத்த ஒரு நாளு மடுவத்துல வாசி பாப்போம். நரகத்தப் பத்திப் பேசுறதுக்கு வேண்டிய தைரியத்த விட அதுக்குக் கூட வேணும்.

கணக்குன்னு வந்தாச்சு, இன்னொரு கணக்கும் பாத்துருவோம். இதுவும் சாமி சொன்ன கததான். ஒரு ராசாகிட்ட ஒருத்தன் பத்தாயிரம் தாலந்து கடன் பட்டிருந்தானாம். ஒரு தாலந்துங்கிறது ஆறாயிரம் நாள் கூலி. நீ பத்தாப்பு பாஸ் பண்ணவன், போனத் தட்டிப் பெருக்கிப் பாரு. ஆறு கோடி நாள்பேர்! 2021ல வந்த அந்த ஆயிரம் ரூவாக் கூலியில போட்டா ஆறாயிரம் கோடி ரூவா. வருசத்துக்கு முந்நூறு பேர் போட்டாலும் ரெண்டு லட்சம் வருசம் கொழுந்து எடுக்கணும். ராசா மனசிரங்கி அம்புட்டையும் தள்ளிப்புட்டாரு. வெளிய வந்தவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய கூட்டாளி கழுத்தப் புடிச்சான். நூறு நாள்பேர், அதே கணக்குல ஒரு லட்ச ரூவா, நாலு மாசச் சம்பளம். அதுவும் சின்னக் காசு இல்லதான். ஆனா ஆறாயிரம் கோடி தள்ளுபடி வாங்குன ஈரங்காயாத கையால கழுத்தப் புடிச்சான் பாத்தியா, அதத்தான் ராசாவால பொறுக்க முடியல.

நம்ம பாட்டன் பூட்டனுக்கு இந்தக் கத வெளக்கம் இல்லாமப் புரிஞ்சிருக்கும். மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மாத்தள வரைக்கும் நடந்தே வந்தவங்க. வழியில காலராவுலயும் காய்ச்சலுலயும் விழுந்தவங்களுக்குக் கல்லறகூட இல்ல. இங்க வந்து சேரயிலேயே கங்காணிகிட்ட வாங்குன முன்பணம் கடனா தலையில ஏறிரும். அதுக்குத் துண்டுன்னு ஒரு கடுதாசி. இம்புட்டுக் காசக் கட்டுனா இந்த ஆளுங்கள விட்டுர்றேன்னு தொர எழுதித் தர்றது. அடுத்த தோட்டத்துத் தொர கடனக் கட்டுவாரு, ஆளு கைமாறும், கடன் மட்டும் மாறாது. 1921லதான் சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க.

பாட்டன் பூட்டன் அப்பிடி நடந்து வந்த காலத்துலதான் வேதமும் நம்ம லயத்துக்கு வந்துச்சு. 1850கள்ல கோப்பித் தோட்டத்துத் தொரமாரு சிலபேரு காசு போட்டு, கண்டியில தமிழ்க் கூலி மிஷன்னு தொடங்குனாங்க. திருநெல்வேலியில ஊழியம் பாத்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயரக் கொண்டாந்து தலைவராப் போட்டாங்க. தமிழ் உபதேசியாருங்க மல மலையா ஏறி, லயம் லயமா நடந்தாங்க. அவங்க காலுக்குக் கும்புடு. ஆனா வேடிக்கையப் பாரு. தொர ஒரு கையில துண்டு எழுதுறாரு, மறு கையில மிஷனுக்குச் சந்தா எழுதுறாரு. அவரு பெஞ்சுல உக்காந்திருக்கிறப்ப, கடனத் தள்ளுன ராசா கதைய வாசிக்கிறதுக்கு உபதேசியாருக்கு எம்புட்டு நெஞ்சுரம் வேணும்? ஆனாலும் கேட்ட சனம் புடிச்சுக்கிருச்சு. ஒன் கடனத் தள்ளியாச்சுன்னு ஒரு சாமி சொல்லுதுன்னா, துண்டுல மாட்டிக்கிட்டவனுக்கு அதுக்கு மேல என்ன நற்செய்தி வேணும்? அப்பிடி வந்த வேதத்த வச்சுக்கிட்டு நீ பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புதுத் துண்டு எழுதுற. தள்ளுபடி வாங்குன கையில பேனா எதுக்குடா?

சரி, அயலான் யாருன்னு ஒருத்தன் சாமிகிட்ட மடக்கிக் கேட்டான்ல. அடிபட்டு ரோட்டோரம் கெடந்தவன கோயில் ஆளுங்க ரெண்டு பேரு பாத்தும் பாக்காமப் போனாங்க, மூணாவது வந்தவன் தூக்குனான். அந்த மூணாவது ஆள இயேசு சாமி எங்க தேடிப் புடிச்சாரு? சமாரியன்! அவங்க ஊருக் கணக்குல கோயிலும் சரியில்ல, கும்புடுறதும் சரியில்ல, கூட உக்காந்து சாப்புடக்கூடாத ஆளு. நல்லவனக் காட்ட ஒங்க சபையிலேயே ஒருத்தனக் காட்டியிருக்கலாமே, ஏன் காட்டல? கேட்டவன் மூஞ்சிக்கு நேரா அவன் பேரே இல்லன்னு வெட்டுன ஆளக் கொண்டாந்து நிறுத்தி, இவன மாதிரி நடன்னாரு. சாமியும் லேசுப்பட்ட நையாண்டிக்காரர் இல்ல பேராண்டி.

நம்ம ஊருலயும் அந்த வழி நடந்தவங்க உண்டு. கோவாவுல 1651ல பொறந்த யோசேவாஸ் சாமியாரு, ஒல்லாந்தக்காரன் கத்தோலிக்கக் குருமாரத் தடுத்து வச்சிருந்த நேரத்துல, 1687ல பிச்சக்காரன் வேசத்துல இந்த நாட்டுல எறங்குனாரு. தமிழும் படிச்சாரு, சிங்களமும் படிச்சாரு. கண்டிக்கு வந்தவரப் பறங்கி உளவாளின்னு புடிச்சு உள்ள போட்டாங்க. அப்பறம் 1697ல கண்டியில அம்ம வாத்துச்சு. ராசாவே நகரத்த விட்டுப் போயிட்டாரு. நோயாளிங்கள வீட்டவிட்டுக் காட்டுல தள்ளுனாங்க. உளவாளின்னு உள்ள போட்ட அதே ஊருல இந்தச் சாமியாரும் அவரு மருமகன் முறையான இன்னொரு சாமியாரும் குடிச போட்டு, கஞ்சி காச்சி ஊத்தி, புண்ணத் தொடச்சு, செத்தவங்களப் பொதச்சாங்க. காட்டுல கெடந்தவன் பௌத்தனா, வேதக்காரனான்னு கேட்டா கஞ்சி ஊத்துனாரு? 1711ல கண்டியிலேயே கண்ண மூடுனாரு. 2015 சனவரி 14ந் தேதி போப்பாண்டவரு பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலுக்கே வந்து அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்தாரு. நல்லா கவனி, பட்டம் வந்து சேர முந்நூறு வருசம் ஆச்சு. நீ மூணு கூட்டம் பேசுனதும் போஸ்டர்ல ‘தீர்க்கதரிசி’ன்னு அடிச்சுக்கிட்ட.

இன்னும் ரெண்டு பேரச் சொல்றேன், மைக்குல சொல்றதுக்கு ஒனக்கு ஆகும். தமிழ்ச் சனத்துக்கு எதிரா நடந்த 1983 ஆடிக் கலவரத்துல நுவரெலியா டவுனும் எரிஞ்சதுதான. அப்ப குருநாகலுக்கு ஆயரா இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவரு, பெரிய குடும்பம். நாங்க செய்யலன்னு தட்டிவிட்டுட்டுப் போயிருக்கலாம். அப்பிடிப் போகல. எங்க சனம் செஞ்சதுக்கு நாங்க வெக்கப்படணும், தமிழ்ச் சனத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தன் சனத்துக்கே எழுதுனாரு. அந்த வருசம் ஐப்பசியே அவரும் செத்துப்போனாரு. அடுத்தவன் பாவத்த எண்ணுறதுக்குத்தான் நமக்கெல்லாம் வெரலு பத்தும் இருக்கு, தன் பக்கத்துப் பாவத்துக்கு ஒரு வெரல மடக்குனவரு அவரு. கண்டியில போல் கஸ்பர்ஸ்னு ஒரு இயேசு சபைச் சாமியாரு. 1972ல சத்யோதயம்னு ஒரு நிலையத்தத் தொடங்கி, சிங்களவரு தமிழரு முஸ்லிம்னு எல்லாரையும் ஒரே வீட்டுல சேத்து வச்சாரு. பிரஜாவுரிமையும் இல்லாம, கூலியும் காணாம கெடந்த தோட்டத்துச் சனத்துக்காக எழுதுனாரு, பேசுனாரு, நடந்தாரு. எத்தன பேர வேதத்துல சேத்தீங்கன்னு அவர்கிட்ட யாராவது கேட்டிருந்தா, சிரிச்சிருப்பாரு.

பெரிய ஆளுங்க கத ஒனக்குத் தூரமா இருந்தா, கிட்டத்துல சொல்றேன். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப நாமெல்லாம் லயத்த விட்டு ராத்திரியோட ராத்திரியா பள்ளிக்கூடத்துக்கு ஓடுனோமே. ஒன் பொண்டாட்டி அப்ப நெறமாசம். நனஞ்சு, பல்லு கிட்டி நடுங்கிக்கிட்டு இருந்தா. நீ ஒரு மூலையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்த, தப்பில்ல, ஜெபம் வேணுந்தான். ஆனா தன் தோள்ல கெடந்த கம்பளியக் கழட்டி அவள மூடுனது யாரு? நேத்து நீ மைக்குல பேரு சொல்லாமக் குத்துனியே, மூணாம் லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி பொண்டாட்டி, அவதான். அந்தக் கம்பளிக்குள்ள இருந்து தப்பிச்ச புள்ளையத்தான் நீ இப்ப மடியில வச்சுக் கொஞ்சுற. வேதத்துல எழுதுன சமாரியன் நம்ம மூணாம் லயத்துலதான்டா குடியிருக்கான். சேல கட்டியிருக்கிறதால ஒனக்கு அடையாளம் தெரியல.

எழுந்திரிக்காத, இன்னும் முடியல. கடைசி வண்டி கெளம்பப்போகுது, ஏறாதவன் கெட்டான்னு நேத்து மைக்குல வேற கத்துன. கந்தப்பளைக்காரன்கிட்ட வண்டியப் பத்திப் பேசும்போது பாத்துப் பேசணும். நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா, இந்த ஊரு வழியா, ராகல வரைக்கும் சின்ன ரயிலு ஓடுச்சு, 1904ல போட்டு முடிச்ச பாத. எங்கப்பன் அதப் பாத்திருக்காரு. பெறகு அதயும் நிறுத்தி, தண்டவாளத்தையும் கழட்டியாச்சு. ஓடுன ரயிலே இல்லாமப் போன ஊருல நின்னுக்கிட்டு நீ பரலோக ரயிலுக்கு டிக்கட்டு கிழிக்கிற. கடவுள் வண்டியில உக்காந்துக்கிட்டு ஏறுறவன மட்டும் கூட்டிட்டுப் போற ஆளு இல்லடா. காணாமப்போன ஒத்த ஆட்டத் தேடி, முள்ளுலயும் பள்ளத்துலயும் தானே எறங்கி நடந்த ஆளு. தொண்ணூத்தொம்பது பத்திரமா இருக்கு, ஒண்ணு போனாப் போகுதுன்னு எந்தக் கணக்கப்புள்ளையும் சொல்லுவாரு. அவரு அதச் சொல்லல.

அதனால தாத்தன் சொல்றதக் கேளு. போதகம் பண்ணு, வேணாங்கல. ஆனா மைக்க மடுவத்துல வைக்காத, தராசப் பாத்தா ஒனக்குப் புத்தி கெடுது. பேசுறப்ப மத்தவங்க பாவத்த ஒண்ணு சொன்னா, ஒனக்குத் தள்ளுபடியானத ரெண்டு சொல்லு. கணக்கும் நேராகும், பிரசங்கமும் சுருங்கும், சனமும் ஒன்ன வாழ்த்தும். பூசாரி பொண்டாட்டியப் பாத்து மன்னிப்புக் கேளு. அவ மன்னிப்பெல்லாம் குடுக்கமாட்டா, திட்டிப்புட்டுத் தேத்தண்ணி குடுப்பா. அதக் குடி, குடிக்கிறதுக்கு முன்ன அதுக்கு ஜெபம் பண்ணித் தீட்டுக் கழிக்காத. ஒங்க அப்பாயிக்கு அங்க என்ன எடம்னு நீ கவலப்படாத. அவளுக்குக் குடுத்த எடம் போதலன்னா, அவளே அங்க சண்ட போட்டுக் கேட்டு வாங்கிக்குவா. ஒன் சிபாரிசு தேவையில்ல.

சரி, கெளம்பு. போற வழியில அஞ்சாம் லயத்துல தனியாக் கெடக்குற கெழவிக்கு நாலு வெறகு வெட்டிப் போட்டுட்டுப் போ. அவ எந்தச் சாமியக் கும்புடுறான்னு விசாரிக்காத. வெட்டிப் போட்டத போட்டோ புடிச்சு போன்ல போடாத, நோட்டுல எழுதியும் வைக்காத. கடவுள் ஆருக்கும் கழிவு போட மாட்டாருன்னு இம்புட்டு நேரம் சொன்னேன்ல, இந்த ஒரு விசயத்துல மட்டும் எனக்குச் சந்தேகம். எழுதி வச்சிப்புட்டீன்னா, ஈரத்துக்கு இம்புட்டு, சாக்குக்கு இம்புட்டுன்னு ஒனக்கு மட்டும் கழிச்சுப்புடுவாரு.